புயலுக்கு மறுநாள் காலை ஹேட்லி கோட்டைக்குப் போங்கள்

லண்டனில் ஈஸ்ட் ஹாம், இல்ஃபர்ட் பக்கம் குடியிருக்கிற நம்மவர்களில் சவுத்தெண்ட் கடற்கரைக்குப் போகாதவர்கள் குறைவு. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை வந்தால், கொஞ்சம் வெயிலும் அடித்தால், புளிச்சாதப் பெட்டியோடு பார்க்கிங் (Barking) ரயில் நிலையத்தில் ரயில் ஏறிவிடுவோம். அந்த ரயில் பென்ஃப்ளீட்டைத் தாண்டிய பிறகு இடப்பக்க ஜன்னலில் ஒரு பச்சைக் குன்று வரும். அதன் தலையில் உடைந்த கல் கோபுரங்கள் தெரியும். வண்டி லீ-ஆன்-சீ நிலையத்தை நெருங்குவதற்குள் அவை மறைந்துவிடும். பல வருடங்களாக நானும் அதை யாரோ பிரபுவின் பழைய வீடு என்ற அளவில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதுதான் ஹேட்லி கோட்டை. ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1829இல் லண்டனின் ஓவியர் சங்கமான ராயல் அகாடமியின் கண்காட்சியில் வைத்த பெரிய எண்ணெய் வண்ண ஓவியத்தின் இடம். தேம்ஸின் கழிமுகம், புயலடித்த இரவுக்கு மறுநாள் காலை என்பதையும் சேர்த்தே அவர் தலைப்பு வைத்தார். கடலோர இடிபாடுகளை வரைவது அந்தக் காலத்து ஐரோப்பிய ரொமாண்டிக் ஓவியர்களுக்கு வழக்கம்தான். ஜெர்மனியில் காஸ்பர் டேவிட் ஃபிரெட்ரிக், பால்டிக் கரையோரம் தன் ஊருக்குப் பக்கத்தில் இருந்த எல்டெனா மடத்தின் இடிபாட்டைத் திரும்பத் திரும்ப வரைந்தார். டர்னர் வரையாத இடிந்த கோட்டை இங்கிலாந்தில் மிச்சம் இருக்குமா என்று சந்தேகமாக இருக்கும். கான்ஸ்டபிள் அந்த வகை ஆள் இல்லை. சஃபோக்கில் ஆலை நடத்தியவரின் மகன் அவர். மதகு, படகு, வைக்கோல் வண்டி என்று தன் ஊரையே வரைந்துகொண்டிருந்தவர். அப்படிப்பட்டவர் ஏன் இதை வரைந்தார் என்பதுதான் என்னை அந்தக் குன்றுக்கு இழுத்தது.

போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஓவியத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். போன் திரையில் பார்ப்பது கணக்கில் வராது. முடித்த ஓவியம் அமெரிக்காவில், நியூ ஹேவனில் இருக்கிற யேல் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. அதே அளவில் அவர் முதலில் போட்டுப் பார்த்த முழு ஸ்கெட்ச் லண்டனிலேயே, டேட் பிரிட்டன் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 122 செ.மீ., அகலம் 167. பெரிய படங்களுக்கு இப்படி முழு அளவில் ஒரு முன்வரைவு போடுவது கான்ஸ்டபிளின் பழக்கம். மற்றவர்கள் சின்னத் தாளில் திட்டம் போட்டுவிட்டு நேராகப் பெரிய கித்தானுக்குப் போவார்கள். இவர் ஒரு படத்துக்கு இரண்டு படங்களின் வண்ணத்தையும் உழைப்பையும் செலவழித்தார்.

டேட் பிரிட்டனின் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. பிம்லிகோ நிலையத்தில் இறங்கி நடக்கலாம். ஆனால் எல்லாப் படங்களும் எப்போதும் சுவரில் இருப்பதில்லை. சேமிப்பறைக்குப் போகும், வேறு ஊர்க் கண்காட்சிக்கு இரவல் போகும். அவர்களுடைய இணையதளத்தில் படத்தின் பெயரைத் தேடினால் காட்சியில் இருக்கிறதா என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மகள் பள்ளியில் ஓவியப் பாடம் எடுத்திருந்ததால் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “அப்பா, இதை இன்னும் முடிக்கேல்லைப் போல கிடக்கு” என்றாள். அவள் சொன்னது சரி. கிட்டப் போனால் வண்ணம் கட்டி கட்டியாக நிற்கிறது. தூரிகையோடு ஓவியக் கத்தியும் வேலை செய்திருக்கிறது. வானம் குழம்பிக் கிடக்கிறது. கோபுரம் கல்லா மண்ணா என்றே தெரியவில்லை. ஐந்தாறு அடி பின்னால் வந்தால் எல்லாம் சேர்ந்துகொள்கிறது. இடப்பக்கம் உச்சியிலிருந்து கீழ்வரை பிளந்த உயரமான கோபுரம், கொஞ்சம் தள்ளி இன்னொரு குட்டையான இடிபாடு, வலப்பக்கம் கீழே சமநிலமும் கழிமுகமும் கடலும். மிச்சம் எல்லாம் மேகம்.

அவர் படங்களின் முன்னால் நிற்பதற்கு எனக்குக் கைகொடுத்த முறையைச் சொல்கிறேன். முதலில் தூரத்தில் நின்று கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நிறம் மங்கி, இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே என்பது மட்டும் தெரியும். இந்தப் படத்தில் இருட்டு முழுவதும் இடப்பக்கம் தேங்கி நிற்கிறது. வெளிச்சம் தூரத்துக் கடல்மேல் ஒரு கீற்றாக ஓடுகிறது. அப்புறம் கிட்டப் போய், கோபுரத்தை விட்டுவிட்டு, அந்தக் கீற்றை மட்டும் பாருங்கள். பெரிய படத்தில் அது சின்ன இடம். ஆனால் கண் அங்கேதான் திரும்பத் திரும்பப் போகிறது. அதன் பிறகு கொஞ்சம் உட்காருங்கள். அறையின் நடுவில் பெஞ்ச் போட்டிருப்பதே அதற்குத்தான். ஒரே நாளில் அருங்காட்சியகம் முழுவதையும் சுற்றிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு படம், ஒரு மணி நேரம். பிள்ளைகள் இருந்தால் அரை மணி நேரமே பெரிய சாதனை.

யேலில் இருக்கிற முடித்த ஓவியத்தை அவர்களுடைய தளத்தில் நல்ல பெரிய கோப்பாகவே பார்க்க முடிகிறது. டேட் ஸ்கெட்சைப் பார்த்த அன்று மாலையே இரண்டையும் மனதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடித்ததில் இடப்பக்கம் கீழே ஒரு ஆட்டிடையனும் நாயும் தெளிவாக நிற்கிறார்கள். தள்ளி மாடுகளும் மேய்ப்பவனும் இருக்கிறார்கள். வெள்ளைப் பறவைகள் பறக்கின்றன. சூரியக் கதிர்கள் மேகத்தைப் பிளந்து கடலில் இறங்குகின்றன. எல்லாம் துலக்கம். எனக்கு என்னவோ ஸ்கெட்ச்தான் மனதுக்கு நெருக்கம். முடித்ததில் கண்காட்சிக்கு வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் தலைசீவி விட்டது தெரிகிறது. இதற்கு நேர்மாறாக நினைப்பவர்களும் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பனி பூத்த வெள்ளைப் புள்ளிகளை, ஈரமான புல்மேல் வெளிச்சம் சிதறுவதை, முடித்த படத்தில்தான் முழுதாகப் பார்க்க முடியும்.

சரி, கதைக்கு வருவோம். கான்ஸ்டபிள் ஹேட்லிக்குப் போனது 1814 கோடையில். ஒரு பாதிரியார் நண்பரோடு எசெக்ஸ் பக்கம் சுற்றியபோது இந்தக் குன்றில் ஏறினார். கையடக்கத் தாளில் பென்சிலால் ஒரு சின்ன வரைவு போட்டுக்கொண்டார். அது இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்போது அவர் மரியா பிக்நெல்லைக் காதலித்துக்கொண்டிருந்தார். பெண்ணின் தாத்தா, கான்ஸ்டபிள் ஊரின் பாதிரியார், இந்தச் சம்பந்தத்துக்குச் சம்மதிக்கவில்லை. பார்க்க முடியாத காலத்தில் கடிதம்தான் துணை. கோட்டை இருக்கும் இடம் எவ்வளவு அருமையானது, அங்கிருந்து கென்ட் குன்றுகளும் பல மைல் தூரத்துக்குக் கடலும் தெரிகின்றன என்று அவளுக்குத்தான் எழுதினார். 1816இல் ஒருவழியாகத் திருமணம் நடந்தது.

1828 நவம்பரில் மரியா காசநோயால் இறந்தார். ஏழு பிள்ளைகள், கடைசிக் குழந்தைக்கு ஒரு வயது நிரம்பவில்லை. உலகத்தின் முகமே தனக்கு மாறிவிட்டது என்று சகோதரருக்கு எழுதினார் கான்ஸ்டபிள். இரண்டரை மாதம் கழித்து, 1829 பிப்ரவரியில், ராயல் அகாடமி அவரை முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. வயது 52. வெற்றி ஒரே ஒரு ஓட்டில். பகிர்ந்துகொள்ள ஆளில்லாமல் தனித்த பிறகு இது வந்திருக்கிறது என்று அவர் வருந்தியதை நண்பர் சி. ஆர். லெஸ்லி எழுதி வைத்திருக்கிறார். மரியாதைக்குப் போய்ப் பார்த்தபோது அகாடமித் தலைவர் தாமஸ் லாரன்ஸ், இத்தனை வரலாற்று ஓவியர்கள் வரிசையில் நிற்கும்போது நீங்கள் வந்தது உங்கள் அதிர்ஷ்டம் என்கிற தொனியில் பேசினார். நிலக்காட்சி வரைபவன் என்றால் அப்போது ஒரு படி கீழேதான்.

அந்தச் சமயத்தில்தான் பதினான்கு வருடத்துக்கு முந்திய அந்தக் கையடக்கப் பென்சில் வரைவை எடுத்துப் பெரிதாக்கினார். துக்கம்தான் அந்தப் பிளந்த கோபுரம் என்று பலர் எழுதிவிட்டார்கள். அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிப் படம்தான் கிடைக்கும். உறுப்பினரான பிறகு வைக்கப்போகிற பெரிய படம் அது, அதுவும் பாதி மனதோடு ஏற்றுக்கொண்டவர்கள் முன்னால். ஆட்டம் காணும் அந்தப் பழஞ்சுவர்களோடு வேதனைப்படுகிறேன் என்று லெஸ்லிக்கு எழுதியதில் துக்கமும் இருக்கிறது, பரீட்சைப் பயமும் இருக்கிறது. இடிந்த கோட்டை, புயல் வானம், கண்காட்சிப் பட்டியலில் கவிஞர் ஜேம்ஸ் தாம்சனின் வரிகள் என்று அந்தக் காலத்துக் கண்காட்சி எதிர்பார்க்கிற பெரிய தோரணை முழுவதும் இதில் இருக்கிறது. அப்படியும் மேகத்தை மட்டும் அவர் யாரிடமும் கடன் வாங்கவில்லை. 1821, 22இல் ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் நின்று வானத்தை மட்டும் நாள், நேரம், காற்றடிக்கும் திசை எல்லாம் குறித்து வரைந்து வரைந்து பழகிய கை அது.

வார்னிஷ் பூசும் நாளில் நடந்த ஒரு சம்பவத்தையும் லெஸ்லி சொல்கிறார். கண்காட்சி திறப்பதற்கு முன் ஓவியர்கள் சுவரில் தொங்கும் படத்தில் கடைசிக் கை வைக்கிற நாட்கள் அவை. சிற்பி ஃபிரான்சிஸ் சான்ட்ரி வந்தார், முன்புறம் ரொம்பக் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார், கான்ஸ்டபிள் கையிலிருந்த வண்ணப்பலகையை வாங்கி, தாரின் பழுப்பு நிறத்தைக் கீழ்ப்பகுதி முழுக்க மெலிதாகப் பூசிவிட்டார். பின்னால் நின்று பதறிய கான்ஸ்டபிள், “என் பனித்துளி எல்லாம் போகிறதே” என்று லெஸ்லியிடம் சொன்னாராம். சான்ட்ரி போனதும் அவர் பூசியது எல்லாவற்றையும் கவனமாகத் துடைத்து எடுத்துவிட்டார். படத்தைப் பார்க்கும்போது கீழ்ப்பக்கப் புல்லைப் பாருங்கள். அவர் காப்பாற்ற நினைத்தது அதைத்தான்.

இந்தப் படம் அவர் உயிரோடு இருந்தவரை விற்கவில்லை. 1837இல் அவர் இறந்த பிறகுதான் வீட்டிலிருந்த மற்றப் படங்களோடு ஏலத்துக்குப் போனது.

இனி கோட்டைக்குப் போகும் வழி. லீ-ஆன்-சீயில் இறங்கி மேற்குப் பக்கமாக, வந்த வழியே திரும்பி நடப்பதுபோல, வயல்வெளிப் பாதையில் போக வேண்டும். சுமார் 2 மைல். முதலில் சமதளம், கடைசியில் நல்ல ஏற்றம். மழை பெய்திருந்தால் சாதாரணச் சப்பாத்து உதவாது. லண்டன் களிமண் என்று பெயருள்ள மண் அது. காலைப் பிடித்தால் விடாது. கோட்டை விழுந்ததற்கும் அந்தக் களிமண்தான் பாதிக் காரணம். 13ஆம் நூற்றாண்டில் ஹியூபர்ட் டி பர்க் என்ற பிரபு கட்டத் தொடங்கி, பின்னால் அரசர் கைக்குப் போய், மூன்றாம் எட்வர்ட் 1360களில் பெரிதாக்கிய கோட்டை. சரிவில் மண் நழுவ நழுவச் சுவர்கள் அதோடு போயின. மற்றப் பாதிக் காரணம் 1551. அந்த வருடம் கோட்டையை வாங்கிய ரிச் பிரபு, கல்லுக்காகவே அதைப் பிரித்தார்.

இடிந்த சுவரைப் பார்த்ததும் “அழகு” என்று சொல்ல எனக்கு வாய் வராது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குக் கடலோர இடிபாடு என்றால் வேறு ஞாபகம். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய எங்கள் கோட்டை, யுத்தத்தில் என்ன ஆனது என்பது கண்ணாலேயே பார்த்த சங்கதி. மகளுக்கு அந்தச் சுமை இல்லை; அவள் ஓடிப்போய்க் கோபுரத்தடியில் நின்று போட்டோ எடுக்கச் சொன்னாள். ஹேட்லியில் கல்லை எடுத்தவன் யார், எப்போது எடுத்தான் என்று தெரிந்துகொண்டது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. குண்டு விழுந்த இடம் இல்லை, விலைபோன இடம். புல் மூட நானூற்றைம்பது வருடம் கிடைத்த இடிபாடு. எந்தப் பழைய இடத்துக்குப் போனாலும் இப்போது நான் முதலில் விசாரிப்பது அதைத்தான்: இது எப்படி விழுந்தது?

கோட்டையை இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் என்ற, பழைய சின்னங்களைப் பேணும் அமைப்பு பராமரிக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. கோட்டையில் கழிப்பறை கிடையாது, நிழல் கிடையாது, காற்றுக்கு ஒதுங்கவும் இடம் இல்லை. பக்கத்திலேயே சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் பண்ணை இருக்கிறது. 1891இல் அந்த அமைப்பைத் தொடங்கிய வில்லியம் பூத், லண்டனில் வேலையில்லாதவர்களுக்குத் தொழில் பழக்க வாங்கிய நிலம் அது. 2012 ஒலிம்பிக்ஸின் மலைச் சைக்கிள் பந்தயம் அந்தச் சரிவில்தான் நடந்தது. வயல்களில் மாடுகள் மேயும். படலையைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள்.

மேலே ஏறி நின்றால் ஓவியத்தில் இருந்த எதுவும் அப்படியே இருக்காது. கோபுரங்கள் அவர் பார்த்ததைவிடக் குறைந்துவிட்டன. கீழே ரயில் பாதை ஓடுகிறது. அது அவர் காலத்தில் இல்லை. கேன்வி தீவில் வீடுகளும் எண்ணெய்த் தொட்டிகளும். மேற்கே லண்டன் கேட்வே துறைமுகத்தின் ராட்சதப் பாரந்தூக்கிகள். படத்தையும் இடத்தையும் கோடு கோடாக ஒப்பிட்டுப் பார்ப்பதில் எனக்குச் சுவாரசியம் இல்லை. அவரே அந்தப் படத்தை இங்கே நின்று வரையவில்லை. லண்டனில் அறைக்குள் நின்று, ஒரு பென்சில் தாளையும் ஞாபகத்தையும் வைத்து வரைந்தார். இங்கே ஒப்பிடத் தகுந்தது வானிலைதான்.

அதனால் நல்ல வெயில் நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரவில் காற்றும் மழையும் அடித்து, விடிந்தபின் மேகம் கலையும் என்று வானிலை அறிக்கை சொல்கிற நாளாகப் பாருங்கள். மார்ச், அக்டோபர் மாதங்களில் அப்படி நாள் கிடைப்பது கஷ்டம் இல்லை. காலையிலேயே போய்விடுங்கள். குன்றின் மேற்குப் பக்கம் நின்று கோபுரங்கள் வழியாகக் கிழக்கே கடலைப் பார்த்தால், வெளிச்சம் உங்கள் முகத்துக்கு நேரே வரும். கல் கறுத்து நிழலுருவாக நிற்கும், அதன் பின்னால் கடல் பளிச்சிடும். படத்தில் கோபுரம் ஏன் அவ்வளவு இருட்டு, தூரத்து நீர் ஏன் அவ்வளவு வெள்ளை என்று டேட்டில் நின்றபோது எனக்குக் கேள்வி இருந்தது. இங்கே வந்து நின்றதும் துக்கத்துக்கு முன்னால் சூரியன் ஒரு பதிலைச் சொல்லிவிட்டது. மத்தியானத்துக்கு மேல் வந்தால் வெளிச்சம் முதுகுப் பக்கம் போய்விடும்; கோபுரம் சாம்பல் நிறக் கல்லாகவும் கடல் சாதாரணக் கடலாகவும் ஆகிவிடும்.

வற்று நேரத்தையும் பாருங்கள். சவுத்தெண்டின் கடல் ஏற்ற இறக்க அட்டவணை இணையத்தில் கிடைக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் சுமார் 5 மீட்டர் ஏறி இறங்கும் கரை அது. நீர் வற்றும்போது மைல் கணக்கில் சேறு வெளிப்படும். அதில் தேங்கிய நீரில் வெளிச்சம் கோடு கோடாக நிற்கும். முழு நீர் இருக்கும்போது வருவதைவிட வற்றத் தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

போனில் படம் எடுப்பவர்களுக்கு: அகன்ற லென்ஸில் எடுத்தால் கோபுரம் குச்சி மாதிரி ஆகிவிடும். பின்னால் தள்ளிப்போய், கொஞ்சம் ஜூம் செய்து எடுங்கள். திரையில் வானத்தின் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, வெளிச்ச அளவைக் குறையுங்கள். போன் தானாகச் செய்தால் கல்லை வெளுப்பாக்கி, வானத்தை வெறும் வெள்ளையாக்கிவிடும்.

வரைய ஆசை இருந்தால் வண்ணப்பெட்டியைச் சுமக்க வேண்டாம். அந்தக் காற்றில் தாள் பறக்கும், வாட்டர்கலர் காய்வதற்குள் அடுத்த தூறல் விழும். தடித்த அட்டையுள்ள சின்னக் குறிப்பேடு, மென்மையான பென்சில் ஒன்று, தாளைப் பிடிக்க இரண்டு கிளிப். முதலில் அடிவானக் கோட்டைப் போட்டுவிடுங்கள்; மேகம் மாறும், அது மாறாது. இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என்று மூன்றே நிழல்கள். தாளின் ஓரத்தில் நேரத்தையும் காற்றடிக்கும் திசையையும் எழுதுங்கள். என் மகள் மேகங்களின் மேல் “ஊதா”, “அழுக்கு மஞ்சள்” என்று எழுதிவைத்துக்கொண்டாள். வீட்டில் வண்ணம் போடும்போது எந்தப் போட்டோவையும்விட அதுதான் அவளுக்கு உதவியது.

கூட வருகிறவர்களுக்கு ஓவியத்தில் நாட்டம் இல்லை என்றால், திரும்பும் வழியில் பழைய லீ கரையில் கொக்கிள் மட்டி விற்கும் கொட்டகைகள் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வினிகரும் மிளகும் போட்டுத் தருவார்கள். நம் நாக்குக்கு ஒரு எலுமிச்சம்பழமும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் பையில் எடுத்துப் போவது நல்லது.